சர்வருக்கு நலம் விசாரித்த காடு

ஒரு காட்டில், டவர் நன்றாக எடுக்கிற மேற்குச் சரிவாகப் பார்த்து, ஒரு அழுங்கு குடியிருந்தான். அழுங்கு தெரியுமில்லையா? உடம்பெல்லாம் செதில், முழ நீள நாக்கு, எறும்பும் கரையானும் சாப்பாடு, பக்கத்தில் யாராவது உரக்கத் தும்மினால்கூடப் பந்தாகச் சுருண்டுகொள்ளும். அந்த ஜீவன்தான். பெயர் சுருளியாண்டி. மிருகத்தை ‘அது’ என்றுதான் சொல்ல வேண்டும், எனக்கும் தெரியும். ஆனால் இவன் ஒரு வலைத்தளத்துக்கு அட்மின். அட்மினைப் போய் அது இது என்று பேசிவிட்டு, அப்புறம் உள்ளே நுழைய முடியாமல் வாசலில் நிற்க எனக்கு ஆசையில்லை.

சுருளியாண்டிக்குக் கூச்சம் என்றால் அப்படியொரு கூச்சம். எதிரே வருகிறவரைப் பார்த்து ‘சௌக்கியமா’ என்று கேட்க வாயெடுப்பான். கேட்டு முடிப்பதற்குள் சுருண்டிருப்பான். ஆனால் மனசு நிறையப் பேச்சு. அந்தப் பேச்சை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது? ‘காட்டுச் சாவடி’ என்று ஒரு தளத்தை ஆரம்பித்தான். ‘எந்த மரத்தடியில் எறும்பு ருசியாக இருக்கிறது?’ என்று ஒரு கேள்வியைப் போட்டுவிட்டு உட்கார்ந்தான். கொஞ்ச நாள் யாரும் வரவில்லை. ஆள் இல்லாததால் தளம் வேகத்தில் பறந்தது. பிறகு மந்திகள் கண்டுபிடித்தன. அப்புறம் கேட்க வேண்டுமா?

மயில் விடிந்தும் விடியாமலும் தன் தோகையைப் படம் பிடித்து, அதன் மேல் ஒரு ரோஜாவை ஒட்டி, ‘இனிய காலை வணக்கம்’ என்று போடும். அதற்குக் காட்டில் உள்ள அத்தனை பேரும் பதில் வணக்கம் போட வேண்டும். போடாவிட்டால் போச்சு. ‘ஏன், நாங்க போட்டா ஆகாதா? உங்க வீட்டுக் கல்யாணத்துக்கு நாங்க வரலையா?’ என்று ஒரு மூக்குச் சிந்தல். இந்தப் பயத்தில் எருமையும் வணக்கம் போட்டது, ஆமையும் வணக்கம் போட்டது. ஆமையின் காலை வணக்கம் சாயங்காலம்தான் வந்து சேரும். அதற்கும் எல்லாரும் பதில் வணக்கம் போட்டார்கள்.

இவ்வளவையும் தாங்கியது ஒரே ஒரு சர்வர். சர்வர் என்றால் பெரிய விஷயமில்லை. யார் வந்து எந்தப் பக்கத்தைக் கேட்டாலும் எடுத்துக் கொடுக்கிற பெட்டி. ஒரு பந்திக்கு ஒற்றை ஆள் சாம்பார் வாளியோடு ஓடினால் எப்படியோ சமாளித்துவிடுவான். ஊரே உட்கார்ந்து ‘இங்க, இங்க’ என்று கத்தினால்? வாளியோடு மூலையில் சாய்ந்துவிடுவான். பெட்டியும் அப்படித்தான். வேலை கூடினால் சூடாகும், சூடானால் திணறும்.

அந்தப் பெட்டியைச் சுருளியாண்டி ஒரு கரையான் புற்றுக்குள் வைத்திருந்தான். துளை விட்டுக் காற்றை ஓட்டுவதில் கரையான்களை மிஞ்ச ஆள் கிடையாது. புற்றுக்குள் எந்நேரமும் குளுகுளுவென்று இருக்கும். ஒப்பந்தம் சுலபம். பெட்டியைக் கரையான்கள் குளிர வைக்க வேண்டும். கரையான்களைச் சுருளியாண்டி தின்னக் கூடாது. இரு தரப்பும் சொன்ன சொல் தவறவில்லை. எப்போதாவது பசி வேளையில் ஒன்றிரண்டு கரையான் காணாமல் போகும். அதை யாரும் பெரிதுபடுத்தவில்லை.

இப்படி இருக்கையில், மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து பேச்சிக்கண்ணு என்ற பெண் அழுங்கு சாவடியில் சேர்ந்தாள். ‘வெயிலில் செதில் வெளுத்துவிட்டது, என்ன பூசலாம்?’ என்று கேட்டாள். ‘சேறு’ என்று சுருளியாண்டி பதில் போட்டான். ‘எந்தச் சேறு?’ என்று அவள் தனி மெசேஜில் வந்தாள். அங்கே ஆரம்பித்தது. ஆற்றுச் சேறா ஓடைச் சேறா என்று பேசிப் பேசி, அவள் மெசேஜ் வராத நாளில் இவனுக்கு எறும்பு இறங்காது என்கிற அளவுக்கு ஆகிவிட்டது. ஆசை இருந்தது, சொல்லத்தான் தைரியம் இல்லை.

ஒரு நாள் காலையில் அவளே எழுதியிருந்தாள்.

“எங்க மாமா ஒரு முள்ளம்பன்றி சம்பந்தம் கொண்டுவந்திருக்கார். செதிலுக்கும் முள்ளுக்கும் பொருத்தம் அமோகமாம். இன்னைக்குப் பொழுது சாய பாக்கு வெத்தலை மாத்த வர்றாங்க. உங்களுக்கு என்னைக் கட்டிக்கச் சம்மதமா? சம்மதம்னா ‘சரி’ன்னு ஒரு வார்த்தை போடுங்க, மத்ததை நான் பார்த்துக்கிறேன். இல்லைன்னா ஒண்ணும் போட வேண்டாம். நானே புரிஞ்சுக்கிறேன்.”

படித்ததும் சுருளியாண்டிக்கு வந்த சந்தோஷம் இருக்கிறதே! அப்படியே சுருண்டான். சுருண்ட வேகத்தில் சரிவில் உருண்டான். உருண்டு போய் ஓடையில் விழுந்து, ஏறி வந்து, உடம்பை உதறிவிட்டு, நகத்தால் ‘சரி’ என்று அடித்து அனுப்பினான்.

போகவில்லை. திரையில் ஒரு வட்டம் சுற்றியது. சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது.

மறுபடி அனுப்பினான். மறுபடியும் வட்டம். புற்றுக்கு ஓடினான்.

“என்னய்யா இது?” என்றான்.

கரையான் மேஸ்திரி வெளியே தலையை மட்டும் நீட்டியது. அழுங்கிடம் பேசும்போது உடம்பு முழுவதையும் வெளியே கொண்டுவரும் பழக்கம் அதற்கு இல்லை.

“அண்ணே, கோவிச்சுக்கக் கூடாது. நேத்து மழை பெய்ஞ்சுது இல்லையா? நம்ம பிள்ளைங்க எல்லாம் ஈசலாப் புறப்பட்டுட்டாங்க. புறப்பட்ட கையோட சாவடியில சேர்ந்துட்டாங்க.”

“எத்தனை பேர்?”

“எண்ணலை அண்ணே. வானம் தெரியலை.”

“இன்னைக்கே சேரணுமா? நாளைக்குச் சேரக் கூடாதா?”

“நாளைக்கு எங்க அண்ணே அவங்க இருக்கப் போறாங்க?” என்றது மேஸ்திரி.

அதுவும் நியாயம்தான். ஈசலின் ஆயுசு ஒரு நாள். அதற்குள் உறுப்பினராகி, படம் மாற்றி, நாலு பேரோடு சிநேகமாகி, இரண்டு பேரோடு சண்டை போட்டு, ‘இந்தத் தளம் முன்பு போல் இல்லை’ என்று வருத்தப்பட்டு எழுதிவிட்டுப் போய்ச் சேர வேண்டும். அவசரம் இருக்காதா?

பொழுதுக்குள் ஈசல்கள் தானே உதிர்ந்துவிடும், அப்போது வழி கிடைக்கும் என்று சுருளியாண்டி மனசைத் தேற்றிக்கொண்டான். அந்த நேரம் பார்த்துத்தான் கோமதியக்கா என்கிற மந்தி ஒரு பதிவைப் போட்டது.

“நம்ம சாவடி காலையிலேர்ந்து ரொம்ப மெதுவா வருது. சர்வருக்கு உடம்பு சரியில்லைன்னு நினைக்கிறேன். பாவம், யாராவது போய்ப் பார்த்தீங்களா?”

தொலைந்தது. அந்தக் காட்டில் ஒருவருக்கு உடம்பு சரியில்லை என்றால் எல்லாரும் போய் எட்டிப் பார்த்துவிட வேண்டும். பார்க்காதவர்களைப் பற்றிப் பேரன் காலம் வரைக்கும் பேச்சு ஓடும். ஆகவே வேலை வெட்டியைப் போட்டுவிட்டுக் காடே லாகின் செய்தது. வருஷக்கணக்காக உள்ளே எட்டிப் பார்க்காத முதலைகூட, மறந்துபோன பாஸ்வேர்டை மாற்றிக்கொண்டு வந்தது.

“இப்ப எப்படி இருக்கு?”

“பக்கம் திறக்குதா?”

“எனக்குத் திறக்கலை. உங்களுக்கு?”

“எனக்கும் திறக்கலை. திறந்தா சொல்றேன்.”

இந்தக் கேள்விகளையெல்லாம் அந்தச் சர்வர்தான் சுமந்துகொண்டு போய்க் கொடுத்தது. மூச்சு வாங்குகிறவனைப் பிடித்து உட்கார வைத்து, ‘ஏன் மூச்சு வாங்குது, விவரமாச் சொல்லு’ என்று ஊரே கேட்டால் அவன் கதி என்ன ஆகும்? வட்டம் இன்னும் மெதுவாகச் சுற்றியது.

சுருளியாண்டி தன் அட்மின் அதிகாரத்தையெல்லாம் திரட்டி ஓர் அறிவிப்பை உள்ளே திணித்தான். ‘எல்லோரும் தயவுசெய்து சிறிது நேரம் லாகவுட் செய்யவும்.’ ஒரு குறையும் சொல்ல முடியாது, எல்லாரும் கீழ்ப்படிந்தார்கள். ‘செய்துவிட்டேன்’ என்று கீழே ஒரு கமெண்ட் போடுவதற்காக உடனே திரும்பி வந்தார்கள். மற்றவர்களும் செய்துவிட்டார்களா என்று பார்ப்பதற்காக இன்னொரு தடவை வந்தார்கள்.

இதற்குள் நேரில் பார்க்கக் கூடிய தூரத்தில் இருந்தவர்கள் புற்றுக்கே வந்துவிட்டார்கள். வெறுங்கையோடு வர முடியுமா? சாத்துக்குடி, இளநீர், பன் ரொட்டி. எல்லாவற்றையும் புற்றின் மேல் அடுக்கினார்கள். காற்று போகிற துளைகளுக்கு மேல் சாத்துக்குடி கச்சிதமாக உட்கார்ந்தது.

“அண்ணே, மூச்சு முட்டுது! கைமாத்தி கைமாத்தி விசிறிக்கிட்டிருக்கோம், தாங்கலை!” என்று உள்ளேயிருந்து மேஸ்திரி கத்தியது.

“கேட்டீங்களா, முனகுது,” என்றது பெரியகருப்பு. அது கரடி, காட்டுச் சங்கத்துக்குத் தலைவர். “நிலவேம்புக் கஷாயம் குடுத்துப் பார்த்தீங்களா?”

“சர்வருக்கு... கஷாயம்...” என்று ஆரம்பித்த சுருளியாண்டி பாதிச் சுருண்டுவிட்டான்.

“கஷாயமெல்லாம் வேண்டாம். இது கண்ணு. நேத்துக்கூட முயல் சொல்லுச்சு, நம்ம சாவடி மாதிரி அடுத்த காட்டுல இல்லைன்னு. வாயை வச்சிருச்சு,” என்று கோமதியக்கா ஒரு எலுமிச்சம்பழத்தையும் மிளகாயையும் கோத்துப் புற்றுக்கு வெளியே நீட்டியிருந்த பெட்டியின் ஒயரில் கட்டித் தொங்கவிட்டது. பெரியகருப்பு பூசணிக்காயைச் சுற்றிப் போட்டு உடைத்தது. அதை மயில் படம் பிடித்துச் சாவடியில் ஏற்றியது. படம் நல்ல பெரிய படம்.

வெயில் உச்சியைத் தாண்டி இறங்க ஆரம்பித்தது. சுருளியாண்டி புற்றைச் சுற்றிச் சுற்றி நடந்தான். அந்தப் பக்கம் பேச்சிக்கண்ணு போனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். ஒன்றும் வரவில்லை என்றால் புரிந்துகொள்கிறேன் என்று சொல்லியிருக்கிறாள். தப்பாகப் புரிந்துகொண்டுவிடுவாளே! மலை ஏறி ஓடிவிடலாம் என்றால் அவள் வீட்டு வாசலில் இருபது பேர் நிற்பார்கள். பார்த்த மாத்திரத்தில் சுருண்டுவிடுவான், சுருண்டவனை யாராவது பந்து என்று எட்டி உதைப்பார்கள். ‘சரி, சரி, சரி’ என்று அடித்து அடித்து அனுப்பினான். ஒன்றின் பின்னால் ஒன்றாக எல்லாச் ‘சரி’யும் வரிசையில் போய் நின்றன.

கடைசியில் பொறுமை போய்விட்டது. நல்லவனுக்குக் கோபம் வந்தால் பொய்தான் சொல்வான். கண்ணை மூடிக்கொண்டு எழுதினான்: ‘நமது சர்வர் காலமாகிவிட்டது. இனி யாரும் வர வேண்டாம்.’

செத்துப்போனதை யார் வந்து தொந்தரவு செய்யப் போகிறார்கள் என்று நினைத்தான், பைத்தியக்காரன். உடம்பு சரியில்லை என்றால் ஊர்தான் வரும். செத்துப்போனால் வெளியூரும் வரும் என்பது அவனுக்கு உறைக்கவில்லை. பக்கத்துக் காட்டிலிருந்தெல்லாம் வந்தார்கள். ‘ஆழ்ந்த இரங்கல்.’ ‘ஈடு செய்ய முடியாத இழப்பு.’ ‘நேற்றுக்கூட என் படத்தை ஏற்றியதே, நம்ப முடியவில்லை.’ செத்துப்போன சர்வரிலேயே இத்தனை இரங்கலும் எப்படி ஏறுகிறது என்று ஒருவரும் யோசிக்கவில்லை. சாவு வீட்டில் கேள்வி கேட்பது மரியாதையில்லை.

நேரில் நின்றவர்கள் தோளில் துண்டைப் போட்டுக்கொண்டார்கள். “எப்பேர்ப்பட்ட சர்வர்!” என்று யானை தும்பிக்கையால் கண்ணைத் துடைத்தது. “எதுன்னாலும் சொல்லு தம்பி, நாங்க இருக்கோம்.”

“நாங்க எல்லாரும் இருக்கோம்,” என்றது பெரியகருப்பு. “எத்தனை மணிக்கு எடுக்கிறீங்க?”

சுருளியாண்டி அவசரமாகச் சூரியனை நிமிர்ந்து பார்த்தான். ஏதோ ஒரு பதிலைச் சொல்லிவிட்டால் போதும் என்று, கேட்டதற்கு ஒழுங்காகப் பதில் சொன்னான். “பொழுது சாய எடுத்துடலாம். தூக்க நாலு பேர் வேணும். யார் யார் வர்றீங்க?” அதையே சாவடியிலும் போட்டான்.

எல்லாரும் ஒருவர் பின்னால் ஒருவர் நகர்ந்து நின்றார்கள்.

“எனக்கு இந்த முட்டி...” என்றது பெரியகருப்பு, துண்டை மெதுவாக எடுத்தபடி.

“மரத்தை விட்டு இறங்கக் கூடாதுன்னு வைத்தியர் சொல்லியிருக்கார்,” என்று தரையில் நின்றுகொண்டே கோமதியக்கா சொன்னது.

“தோகையை வச்சுக்கிட்டு நான் எங்க...” என்றது மயில்.

எல்லாரும் யானையைப் பார்த்தார்கள். யானை தும்பிக்கையைச் சுருட்டி வாய்க்குள் வைத்துக்கொண்டது. “எனக்குப் பாரம் தூக்கிப் பழக்கமே இல்லப்பா,” என்றது.

திரும்பிப் பார்ப்பதற்குள் புற்றைச் சுற்றி ஒரு ஈ காக்கை இல்லை. போகிற போக்கில் சாத்துக்குடியையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள், துளைகள் திறந்துகொண்டன. சாவடிக்குள்ளும் அதே கதைதான். பச்சைப் புள்ளி போட்டு உள்ளே இருந்தவர்களெல்லாம் ஒவ்வொருவராக அணைந்தார்கள். ‘நாங்க இருக்கோம்’ என்று எழுதியவர்கள் அதை அழித்துவிட்டுப் போனார்கள். பாக்கியிருந்த ஈசல்களும் அந்த நேரத்துக்கு உதிர்ந்து முடித்திருந்தன.

வட்டம் நின்றது. வரிசையில் கிடந்த அத்தனை ‘சரி’யும் விருட்டென்று கிளம்பிப் போயின. தளம் பிறந்த நாளில்கூட அவ்வளவு வேகமாக ஓடியதில்லை.

சுருளியாண்டி குதித்தான். குதித்தவன் திரையைப் பார்த்துவிட்டு அப்படியே உட்கார்ந்தான். ‘பேச்சிக்கண்ணு, சற்று முன் வெளியேறினார்.’

கூட்டம், கூட்டம் என்று காலையிலிருந்து திட்டினானே, அந்தக் கூட்டத்தில் அவளும் ஒருத்தி. நாலு பேர் வேண்டும் என்றதும் அவளும் ஓடிவிட்டாள். சுருளியாண்டி விசும்பி விசும்பி அழுதான். அழுகிற அட்மினைப் பார்க்கச் சகிக்காமல் மேஸ்திரி முதல் தடவையாக உடம்பு முழுவதும் வெளியே வந்து, “விடுங்க அண்ணே,” என்றது. அவ்வளவு துக்கத்திலும் அவன் நாக்கு ஒரு தடவை வெளியே வந்துவிட்டுப் போனது. மேஸ்திரி உள்ளே போய்விட்டது.

சூரியன் அடிவானத்தைத் தொட்டபோது சருகு மிதிபடும் சத்தம் கேட்டது. ஒரு பெண் அழுங்கு மூச்சிரைக்க வந்து நின்றாள். கையில் ஒரு பழைய துணி, சும்மாடு கட்டுகிற மாதிரி சுருட்டியிருந்தது.

“இங்கதானே சர்வர் தவறினது? தூக்க நாலு பேர் கேட்டிருந்தாங்க. நான் வந்துட்டேன். மீதி மூணு பேர் எங்க?”

சுருளியாண்டி பார்த்தான். அவ்வளவுதான், உருண்டை.

“அட, நீங்கதானா! உங்க புரொஃபைல் படத்துல இருக்கிற மாதிரியே இருக்கீங்க,” என்றாள் பேச்சிக்கண்ணு.

உருண்டை இன்னும் இறுக்கிக்கொண்டது.

“பொம்பளை தூக்கக் கூடாதுன்னாங்க. ஆம்பளைங்க யாரும் நகரலையே, அப்புறம் யாருதான் தூக்குறது? கிளம்பிட்டேன். பள்ளத்துல டவர் இல்லை, லாகவுட் ஆயிடுச்சு.” அவள் சும்மாட்டைக் கீழே வைத்தாள். “பாக்கு மாத்தக் கிளம்பினவங்களைக்கூட மாமா வழியிலேயே திருப்பி அனுப்பிட்டார். சாவு விழுந்த நாள்ல நல்ல காரியம் பேசக் கூடாதாம். ஆனா நாளைக்கு வந்துருவாங்க. அதனாலதான்... காலைல ஒண்ணு கேட்டேனே...”

எழுத்தில் கேட்டதை நேரில் கேட்கப் போனபோதுதான் அவளுக்குத் தானும் அழுங்கு என்பது ஞாபகம் வந்தது. அடுத்த நொடி அவளும் உருண்டை.

ஒரு புற்று, பக்கத்தில் இரண்டு உருண்டை. எவ்வளவு நேரம் இப்படியே கிடப்பார்கள்? நல்லவேளை, இரண்டு உருண்டைக்குள்ளும் போன் இருந்தது. பேச்சிக்கண்ணு உள்ளேயே லாகின் செய்தாள். கண் சிமிட்டுவதற்குள் திறந்தது. ‘சரி’கள் மளமளவென்று கொட்டின.

“ஒரு தடவை சொன்னாப் போதாதா?” என்று எழுதினாள்.

“முதல் தடவை சொன்னது காலையிலேயே,” என்று பதில் போனது.

“அப்போ சர்வர்?”

“உசுரோடதான் இருக்கு. பொய் சொன்னேன்.”

“நல்லவேளை. பார்த்தா கனமாத்தான் இருக்கும் போல.”

இரண்டு முழ தூரத்தில் சுருண்டு கிடந்தபடி, மொத்தச் சாவடியையும் இரண்டே பேராக வைத்துக்கொண்டு, இருட்டும் வரை பேசினார்கள். கல்யாணத் தேதியையும் அங்கேயே குறித்துச் சாவடியில் போட்டார்கள்.

போட்டதுதான் தாமதம், காடு மறுபடி திரண்டது. ‘வாழ்க வளமுடன்.’ ‘பதினாறும் பெற்று.’ ‘மயிலின் சார்பில் ஒரு ரோஜா.’ திரையில் வட்டம் சுற்ற ஆரம்பித்தது. “அண்ணே, சூடு!” என்று மேஸ்திரி அலறியது. இந்தத் தடவை சுருளியாண்டி பதறவில்லை. நிதானமாக எழுதினான்: ‘அனைவருக்கும் நன்றி. பந்தல்கால் ஊன்ற ஆள் தேவை.’

பச்சைப் புள்ளிகள் பொசுக்கென்று அணைந்தன.

கல்யாணத்துக்கு ஒருவரும் வரவில்லை. எங்கே பந்தலைப் பிரிக்கச் சொல்லிவிடுவார்களோ என்ற பயம். மாப்பிள்ளைக்கும் பெண்ணுக்கும் அதைவிட வேறென்ன வேண்டும்? நிமிர்ந்து உட்கார்ந்து, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து, சுருளாமல் தாலி கட்டிக்கொண்டார்கள். மேஸ்திரி மட்டும் துளைக்குள்ளிருந்து அட்சதை தூவியது.

இன்றைக்கும் காலை வணக்கம் உச்சத்துக்கு ஏறும் நேரத்தில் சுருளியாண்டி ஒரு வரி போடுகிறான். ‘ஒரு சின்ன உதவி...’ என்பதற்கு மேல் அவன் எழுதியதே இல்லை.

நீதி: உங்கள் தளம் பறக்க வேண்டுமானால் பெரிய சர்வர் வாங்காதீர்கள், உள்ளே இருப்பவர்களிடம் ஓர் ஒத்தாசை கேளுங்கள். அதற்கப்புறமும் ஒருத்தர் வந்து நின்றால், அவரைக் கட்டிக்கொள்ளுங்கள்.